அழிக்காத கணக்கு

எங்கள் கணக்கு சார் வீட்டில் ரப்பருக்கு அனுமதி கிடையாது. டியூஷனுக்குப் போகிற முதல் நாளே ஜியாமெட்ரி பாக்ஸைத் திறக்கச் சொல்வார். உள்ளே இருக்கிற ரப்பரை எடுத்து மேஜை டிராயரில் போட்டுக்கொள்வார். பெரிய பரீட்சை முடிந்த பிறகுதான் அது திரும்பக் கிடைக்கும். தப்பாகப் போன வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். சரியான வரியை அதற்குக் கீழே எழுத வேண்டும். "தப்ப அழிச்சிட்டேன்னா எந்த எடத்துல தப்புனேங்கறது எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாதுல்லா?" என்பார்.

பள்ளிக்கூடத்தில் சுத்தமான நோட்டுக்குத்தான் மதிப்பு. சார் வீட்டு நோட்டு கோடும் கிறுக்கலுமாக இருக்கும். அதை யாரும் வெளியே எடுத்துக் காட்ட மாட்டோம். ஆனால் கணக்குப் படிப்பதைப் பற்றி இத்தனை வருஷத்தில் எவ்வளவோ படித்தும் கேட்டும் ஆன பிறகு, அந்த ஒற்றைக் கோட்டைவிட நல்ல பழக்கம் ஒன்று எனக்குத் தட்டுப்படவில்லை. சார் கற்றுக்கொடுத்த மற்ற பழக்கங்கள் எல்லாமே அந்தக் கோட்டிலிருந்து கிளைத்தவைதான். தனக்கு எதுவரை தெரியும், எந்த இடத்திலிருந்து தெரியாது என்று ஒரு பிள்ளை தானே அறிந்துகொள்ள வேண்டும். அவர் பாடுபட்டது அதற்காகத்தான்.

1980களின் பின்பாதி அது. ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரத்துக்கும் கடையத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். மேற்கே மலை, மலையடிவாரத்தில் சிவசைலம். மலையிலிருந்து இறங்குகிற கடனாநதி எங்கள் வயல்களை நனைத்துவிட்டுப் போய்த் திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேரும். சிம்சன் நிறுவனத்தை நடத்திய அனந்தராமகிருஷ்ணனுக்கு இதுதான் சொந்த ஊர். இந்தச் சின்ன ஊருக்கு மேல்நிலைப்பள்ளியும் இருந்தது, கல்லூரியும் இருந்தது. இரண்டுக்கும் சிவசைலத்து அம்பாள் பரமகல்யாணியின் பெயர். காலேஜில் கணிதம் படிக்கிற அண்ணன்மார் தெருவில் சைக்கிளில் போவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம். படிப்பு என்பது எங்கோ பட்டணத்தில் இருக்கிற சமாச்சாரம் என்ற எண்ணம் எங்களுக்கு இருந்ததில்லை.

சார் ரிட்டையர் ஆனவர். தேரோடும் வீதிக்குப் பின்னால் வீடு. சாயங்காலம் தார்சாவில் பாயை விரித்துப் போட்டால் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவோம். இவ்வளவு தர வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. முடிந்தவர்கள் பணம் கொடுத்தார்கள். சில வீடுகளிலிருந்து முருங்கைக்காயும் வாழைத்தாரும் வந்தன. ஒன்றும் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பக்கத்திலேயே இடம். செங்கோட்டை வண்டி கூவுகிற சத்தம் கேட்டால் நோட்டை மூடலாம்.

புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்திலும் எடுத்துக்காட்டுக் கணக்குகள் இருக்கும் அல்லவா, அவற்றை நாங்கள் கதை படிப்பதுபோலப் படித்துக்கொண்டு போவோம். முதல் வரி புரியும், இரண்டாவது புரியும், கடைசி வரி வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வருவோம். பிறகு பயிற்சிக் கணக்கைத் தொட்டால் கை ஓடாது. இதற்கு சார் ஒரு வழி வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பழைய போஸ்ட் கார்டு கொடுப்பார். எடுத்துக்காட்டின் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு விடையைக் கார்டால் மூட வேண்டும். முதல் வரி என்னவாக இருக்கும் என்று நாமே எழுத வேண்டும். எழுதிய பிறகு கார்டை ஒரு வரி கீழே இறக்கிப் பார்க்கலாம். ஒத்துப்போனால் அடுத்த வரி. ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்று, புத்தகம் ஏன் அந்த வழியில் போனது, நாம் ஏன் இந்த வழியில் போனோம் என்று யோசிக்க வேண்டும். இப்படி ஒரு கணக்கை முடிக்க வெகுநேரம் ஆகும். மொத்தமும் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அதே கணக்கை வெள்ளைத் தாளில் முதலிலிருந்து போட வேண்டும். அப்போதும் எங்காவது ஓரிடத்தில் நிற்கும். நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம்.

பார்த்துப் புரிவதும் போட்டு வருவதும் ஒன்றல்ல. இது கணக்குப் படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும், கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவதையே படிப்பு என்று பிள்ளைகள் நம்புகிறார்கள், பெற்றோரும் நம்புகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. எத்தனையோ நல்ல மூளைகள் "எனக்குக் கணக்கு வராது" என்று ஒதுங்கிப்போனது இந்த ஒரே இடத்தில்தான். அவர்களுக்குக் கணக்கு வரவில்லை என்பது பொய். கார்டை இறக்கும் முன் ஒரு வரி யோசிக்கச் சொல்லி யாரும் பக்கத்தில் இருக்கவில்லை.

"புரியல சார்" என்று சொல்லிவிட்டு நோட்டை நீட்டினால் அவர் வாங்கமாட்டார். "எதுவரைக்கும் புரிஞ்சது? அத எழுதிக்கிட்டு வா" என்பார். அதுவும் வாக்கியமாக எழுத வேண்டும். 'இரண்டாம் வரி வரை சரி. மூன்றாம் வரியில் இரண்டு பக்கமும் எதனால் பெருக்க வேண்டும் என்று தெரியவில்லை.' இப்படி எழுதுகிறபோதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும். அவர்கள் சாரிடம் வராமலேயே திரும்பிப் போய்விடுவார்கள். மீதிப் பேருக்கும் அவர் விடையைச் சொல்லமாட்டார். ஒரு கேள்வி கேட்பார். இதே மாதிரி கணக்கு முன்னால் எங்காவது போட்டிருக்கிறாயா? எண்ணைச் சின்னதாக்கிப் பார்த்தாயா? கேட்டது எது, கொடுத்தது எது, பிரித்து எழுதினாயா?

பின்னாளில் கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் போல்யாவின் புத்தகம் கைக்குக் கிடைத்தது. கணக்கை எப்படித் தீர்ப்பது என்பதைப் பற்றி ஹங்கேரியில் பிறந்த அந்தக் கணிதர் 1945இல் வெளியிட்டது. கணக்கைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, அதன்படி செய், முடித்ததும் திரும்பிப் பார் என்று நாலு படிகளாக அவர் பிரித்திருந்தார். ஒவ்வொரு படிக்கும் அவர் கேட்கச் சொன்ன கேள்விகளைப் படித்தபோது சார் குரலில்தான் எனக்குக் கேட்டது. சார் போல்யாவைப் படித்திருந்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. படித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. படிக்காமலேயே பல வருஷம் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ரயில் கணக்கு ஞாபகம் வருகிறது. இத்தனை மீட்டர் நீளமுள்ள ரயில், இத்தனை மீட்டர் நடைமேடையை இவ்வளவு நேரத்தில் கடக்கிறது, வேகம் என்ன? எங்களில் முக்கால்வாசிப் பேர் நடைமேடையின் நீளத்தை நேரத்தால் வகுத்துவிட்டு விடைக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டுவிடுவோம். ரயிலின் நீளத்தையும் கூட்ட வேண்டும் என்று சூத்திரம் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். சார் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது மீட்டர் கேஜ் பாதை. திருநெல்வேலியிலிருந்து வருகிற வண்டி கீழ ஆம்பூர் தாண்டி எங்கள் ஊரில் நின்று, ரவணசமுத்திரம் பக்கம் போகும். வண்டி புறப்பட்டதும் எங்களைப் பிளாட்பாரத்தின் மேற்கு முனையில் நிறுத்தினார். எஞ்சின் எங்களைத் தாண்டிப் போனது. "கடந்திடுச்சா?" என்றார். "கடந்திடுச்சு சார்" என்று ஒருவன் கத்தினான். "அப்பம் கார்டு பெட்டி எங்க நிக்கி, திரும்பிப் பாருல." வண்டியின் கடைசியில் வருகிற கார்டு பெட்டி இன்னும் பிளாட்பாரத்தின் நடுவில்தான் வந்துகொண்டிருந்தது. அவன் முகத்தை என்னால் இப்போதும் நினைத்துப் பார்க்க முடிகிறது. அன்றைக்கு அங்கே நின்ற யாரும் அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் ரயிலின் நீளத்தை விட்டதில்லை. பாலம், சுரங்கப்பாதை, எதிரே வருகிற இன்னொரு ரயில் என்று கேள்வி எப்படி மாறி வந்தாலும் கார்டு பெட்டியை மனசில் நிறுத்திவிட்டுத்தான் பேனாவை எடுப்போம்.

தேற்றங்களிலும் இதே கண்டிப்பு. பிதாகரஸ் தேற்றம், தேல்ஸ் தேற்றம் எல்லாம் ஒப்பித்து எழுதுகிறவர்கள் உண்டு. பரீட்சையில் மார்க்கும் விழும். சார் முக்கோணத்தைத் தலைகீழாக வரைவார். ஏ, பி, சி என்ற எழுத்துகளை எடுத்துவிட்டு எல், எம், என் என்று போடுவார். ஒப்பித்தவர்கள் அங்கே நின்றுவிடுவார்கள். படத்தைப் பார்த்து எந்தக் கோணம் எந்தக் கோணத்துக்குச் சமம் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு எழுத்து மாறினது ஒரு பொருட்டாகவே இருக்காது.

இதைச் சொல்வதால் மனப்பாடத்தை அவர் வெறுத்தார் என்று நினைத்துவிடக் கூடாது. வாய்ப்பாட்டில் அவர் கறார். பதினாறாம் வாய்ப்பாடு வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். இந்த விஷயத்தில் அவருக்குத் துணை என் தாத்தா.

தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் படித்தவர். எண்சுவடி முழுக்க அவருக்கு வாயில் இருந்தது. ஒன்றுக்குக் கீழே உள்ள பின்னங்களுக்கெல்லாம் அந்தப் படிப்பில் தனித்தனிப் பெயர் உண்டு. முந்திரி என்றால் 320இல் ஒன்று. நாலு முந்திரி ஒரு காணி, அதாவது 80இல் ஒன்று. நாலு காணி ஒரு மா, அது 20இல் ஒன்று. ஐந்து மா சேர்ந்தால் கால். இன்னொரு பக்கம் வீசம், 16இல் ஒன்று. ஒருநாள் தாத்தா களத்துமேட்டில் நெல்லைக் கோட்டைக் கணக்கில் அளந்து முடித்த நேரம் சார் வந்தார். சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, "ஏழே முக்காக் கோட்டைய எட்டுப் பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு அண்ணாச்சி?" என்றார். தாத்தா நெல்லைக் குவித்துக்கொண்டே, "முக்காலே மூணரை வீசம்" என்றார். நான் வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். ஏழே முக்காலை எட்டால் வகுத்தால் 32இல் 31. முக்காலும் மூன்றரை வீசமும் சேர்ந்தால் அதேதான். எனக்குத் தாளும் பேனாவும் பொதுப் பகுதி காணலும் தேவைப்பட்டன. அவருக்குக் குனிந்த தலையை நிமிர்த்தக்கூடத் தேவைப்படவில்லை.

திண்ணைப் பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த செந்தில் பாபு போன்றவர்கள், அந்தப் பள்ளிகளில் நினைவாற்றல் என்பது வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் அல்ல, அதுவே ஒரு கற்கும் முறை என்று விளக்கியிருக்கிறார்கள். தாத்தாவைப் பார்த்தவள் என்பதால் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்கு நின்று யோசிக்கிற பிள்ளையால் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும்போது கணக்கின் போக்கைக் கவனிக்க முடியாது. அதன் கவனம் முழுவதும் பெருக்கலிலேயே தீர்ந்துபோகும். அதனால் வாய்ப்பாடு மனப்பாடம்தான். தேற்றத்தின் நிரூபணம் மனப்பாடம் அல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பள்ளிகள் சிலசமயம் வாய்ப்பாட்டைக் கைவிட்டு நிரூபணத்தை ஒப்பிக்க வைக்கின்றன.

சனிக்கிழமை ஹார்லிக்ஸ் பாட்டில் வெளியே வரும். வருஷத் தொடக்கத்திலிருந்து நடத்திய எல்லாப் பாடங்களிலிருந்தும் கணக்குகளைச் சிறு சீட்டுகளில் எழுதிச் சுருட்டி அதில் போட்டு வைத்திருப்பார். கையை விட்டு ஆளுக்கு ஐந்து எடுக்க வேண்டும். கூட்டுத்தொடர் ஒன்று, வடிவியல் ஒன்று, எப்போதோ முடித்துப்போட்ட காரணிப்படுத்தல் ஒன்று என்று கலந்து வரும். வார நாட்களில் ஒரே பயிற்சியில் வரிசையாகப் பத்துக் கணக்குப் போடும்போது எல்லாம் கைகூடியதுபோல இருக்கும். சனிக்கிழமை எல்லோருக்கும் முகம் வாடும். இந்தக் கணக்கு எந்தப் பாடத்தைச் சேர்ந்தது, எந்த வழி என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருக்குமே, அங்கேதான் திணறுவோம். "பரீட்சைப் பேப்பர்ல இது இன்ன பயிற்சின்னு எழுதியா தருவான்?" என்பார் சார்.

இதே விஷயத்தை 2007இல் அமெரிக்காவில் ரோரர், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்குப் பழக்கமில்லாத நாலு கன வடிவங்களின் கன அளவு காணச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் வகைவகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் கலந்து செய்தார்கள். பயிற்சியின்போது பிரித்துப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது பிரித்துப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். கலந்து போட்டவர்கள் 63 சதவீதத்தில் நின்றார்கள். அதைப் படித்த அன்று சார் இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த விஷயம் அதுதான். கை ஓடுவதைப் பார்த்து, தெரிந்துவிட்டது என்று நாம் ஏமாந்துபோகக் கூடாது.

எங்களில் ஒரு பையன் விவரமானவன். ஒருநாள் சாரையே மடக்கினான். "ராமானுஜன் சிலேட்டுல போட்டுட்டு முழங்கையாலதான சார் அழிச்சாரு? நாங்க மட்டும் அழிக்கக் கூடாதா?" உண்மைதான். தாளின் விலை கட்டுப்படியாகாமல் ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் துடைத்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். சார் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அவரு அழிச்சதத் தேடிக்கிட்டு இன்னைக்கும் வெள்ளக்காரங்க அலையுதாவ" என்றார். அப்போது அமெரிக்காவில் புரூஸ் பெர்ன்ட் என்ற கணிதர் ராமானுஜன் நோட்டுகளில் நிரூபணம் இல்லாமல் கிடந்த முடிவுகளை ஒவ்வொன்றாக நிரூபித்துப் புத்தகங்களாக வெளியிடத் தொடங்கியிருந்தார். முதல் பாகம் 1985இல் வந்தது, ஐந்தாவது 1998இல்.

ராமானுஜனைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசாத கணக்கு வாத்தியார் இல்லை. எங்கள் சாருக்கு அவரைவிட நெருக்கமான ஒருவர் இருந்தார். சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. செங்கோட்டைக்குப் பக்கத்தில் வல்லத்தில் 1901இல் பிறந்தவர்.  பிறந்து ஒரு வருஷத்தில் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் தகப்பனாரும் போய்விட்டார். படிப்பு அங்கேயே நின்றிருக்க வேண்டியது. அவருடைய திறமையைக் கண்டுகொண்ட பள்ளி ஆசிரியர் ஒருவர் கைகொடுத்ததால் மேலே படித்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அங்கே இருந்தபோதுதான் உலகமே திரும்பிப் பார்த்த வேலையைச் செய்தார்.

அந்த வேலை என்ன என்று பத்தாவது பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா? சார் சொன்னார். சொல்லக்கூட இல்லை, எங்களைப் போடவைத்தார். "எந்த எண்ண எடுத்தாலும் நாலு வர்க்க எண்ணுக்குள்ள கூட்டி எழுதிரலாம். போட்டுப் பாருங்க." 7 என்றால் 4, 1, 1, 1. நூறு வரைக்கும் போட்டோம். நாலுக்கு மேல் தேவைப்படவே இல்லை. 1770இல் லக்ராஞ்சு இதை நிரூபித்தார். அதே வருஷம் வாரிங் என்ற ஆங்கிலேயர், கன எண்கள் என்றால் ஒன்பது போதும், நாலாம் படி என்றால் பத்தொன்பது போதும் என்று நிரூபணம் இல்லாமல் சொல்லிவைத்தார். அடுத்தடுத்த படிகளுக்கு எத்தனை போதும் என்பது நெடுநாள் கேள்வியாக நின்றது.

"ஆறாம் படிக்கு 703ன்னு ஒரு எண்ண எடுத்துக்கோங்க" என்றார் சார். இரண்டின் ஆறாம் படி 64. மூன்றின் ஆறாம் படி 729. அது 703ஐத் தாண்டிவிட்டது. ஆக 64ஐயும் 1ஐயும் வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். பத்து 64 சேர்ந்தால் 640. மீதி 63க்கு அறுபத்து மூன்று ஒன்றுகள். மொத்தம் 73. அன்றைக்குத் தார்சாவில் இருந்த எல்லோரும் இதைப் போட்டுவிட்டோம். "இப்பம் கேளுங்க. எவ்வளவு பெரிய எண்ணா இருந்தாலும் 73க்கு மேல வேண்டாம்னு சொல்லணும். எப்படிச் சொல்லுவீங்க? எண்ணுக்கு முடிவே கெடையாதே, போட்டுப் போட்டுப் பாத்தா தீருமா?" யாரும் வாய் திறக்கவில்லை. "வல்லத்துக்காரரு சொன்னாரு. 1940ல."

வகுப்பில் பாடமாக வராத அந்த ஒரு மணிநேரத்தில் கணிதத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டது பெரிய விஷயம். 73 தேவைப்படுகிற ஓர் எண்ணைக் காட்டுவதற்கு ஒரு பிள்ளை போதும். அதற்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது என்று நிறுவுவதற்கு ஒருவர் தன் நாட்களையெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள். நாங்கள் உட்கார்ந்திருந்த முனையிலிருந்து அடுத்த முனைக்குப் போகிற வழியில், எங்கள் பஸ்ஸில் ஏறினால் போய்விடக்கூடிய ஊரில் பிறந்த ஒருவர் இருந்தார். நாலாம் படிக்கு வாரிங் சொன்ன 19 சரிதான் என்று உறுதியானது எங்கள் பள்ளி நாட்களில், 1986இல். நிறுவிய மூவரில் ஒருவர், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியன்.

பிள்ளை அவர்களின் முடிவைச் சொல்லும்போது சார் குரல் தழுதழுத்தது. பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்ய அழைப்பு வந்து, ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் போவதற்காக விமானம் ஏறினார். 1950 ஆகஸ்ட் 31இல் கெய்ரோ அருகே அந்த விமானம் விழுந்துவிட்டது. வயசு நாற்பத்தொன்பதுதான்.

பத்தாவது பரீட்சை நேரத்தில்தான் எங்கள் ஊரில் பங்குனித் திருவிழாவும் வரும். சிவசைலநாதரும் பரமகல்யாணியும் ஊருக்குள் எழுந்தருளித் தேரோட்டம் நடக்கும். வீட்டில் தேர் பார்க்கப் போகக்கூடாது என்று மிரட்டல். சார் மட்டும் "போயிட்டு வாங்க" என்றார். கடைசி வாரத்தில் புதிதாக ஒரு கணக்கும் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வருஷம் முழுக்கக் கோடு போட்டு வைத்த நோட்டை எடுத்து, கோடு விழுந்த வரிகளை மட்டும் படித்து, அந்தக் கணக்குகளை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்போதுதான் ரப்பரைப் பிடுங்கிக்கொண்டதன் அருமை விளங்கியது. குறியை மாற்றாமல் சமக்குறியைத் தாண்டுவது ஒருத்திக்கு, அலகை எழுத மறப்பது இன்னொருத்தனுக்கு, பின்னத்தில் கீழ் எண்ணை விட்டுவிடுவது மற்றொருவனுக்கு. ஒவ்வொருவருக்கும் தப்பு ஒரே மாதிரிதான் திரும்பத் திரும்ப விழுந்திருந்தது. அத்தனை பக்கத்திலும் அலைந்து திரிந்த தப்பு எண்ணிப் பார்த்தால் மூன்று நாலு வகைக்குள் அடங்கிவிட்டது. எந்தக் கடையிலும் கிடைக்காத கைடு அது. ஒரே ஒரு பிள்ளைக்காக எழுதப்பட்டது. எங்களில் சிலர் சென்டம் வாங்கினார்கள். அதைவிட, பாஸ் ஆவோமா என்று பயந்துகொண்டிருந்தவர்கள் ஒருவர் விடாமல் பாஸ் ஆனதைத்தான் சார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலைக்காக ஊர் ஊராக இருந்துவிட்டு இப்போது ஆழ்வார்குறிச்சிக்கே வந்துவிட்டேன். மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்துவிட்டது. 2019இல் மாவட்டமும் தென்காசி ஆகிவிட்டது. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். கணக்கைப் போனில் படம் பிடித்தால் வரிக்கு வரி விடை தருகிற செயலி அவர்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதைத் தொடக்கூடாது என்று நான் சொல்வதில்லை. எங்களுக்கும் புத்தகத்தின் பின்பக்கம் விடை இருக்கத்தான் செய்தது. தாங்களாக ஒரு வரி எழுதிய பிறகு அதைத் திறக்கச் சொல்கிறேன். ஒரு வரி எழுதிவிட்டுப் பார்க்கிற பிள்ளை தன் வரியோடு அதை ஒப்பிடுகிறது. எழுதாமல் பார்க்கிற பிள்ளைக்கு ஒப்பிட ஒன்றும் இல்லை. ரப்பரை நானும் வாங்கி வைத்துக்கொள்கிறேன். தாய்மார்களுக்கு நோட்டு அலங்கோலமாக இருக்கிறதே என்று குறை. கோடு விழுந்த வரிகளைக் காட்டி, "ஒங்க பிள்ளை தப்பு இந்த மூணுதான், வேற இல்ல" என்று சொன்னால் சமாதானமாகிப் போகிறார்கள்.

அவர்களில் ஏழாவது படிக்கிற ஒருத்திக்கு வர்க்க எண் விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். நூறு வரை போட்டுவிட்டு, "கன எண்ணு வச்சுப் போடட்டா அத்தை?" என்று அவளாகவே கேட்டாள். சில நாள் கழித்து நோட்டோடு வந்தாள். 23க்கு மட்டும் ஒன்பது தேவைப்படுகிறதாம். இரண்டு எட்டு, ஏழு ஒன்று. நூறு வரை வேறெதற்கும் எட்டைத் தாண்டவில்லை. பக்கம் முழுக்க ஒற்றைக் கோடுகள். "23 மாதிரி இன்னொன்னு இருக்குமா அத்தை?" என்றாள். ஒன்பது கன எண்கள் தேவைப்படுகிறவை 23, 239 என்று இரண்டே இரண்டுதான். டிக்சன் 1939இல் நிறுவிய விஷயம் அது. நான் சொல்லவில்லை. "போட்டுக்கிட்டே போட்டி" என்று மட்டும் சொன்னேன். நேற்று வரை 160க்கு வந்திருக்கிறாள்.